ஓக் பீப்பாயில் முதிர்ந்த வெள்ளை ஒயின்: மரவாசனையை ஏன் குறை என்று சொல்வதில்லை?

கேள்வி: குன்னூர் கொழுந்து

அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் 31 ஆண்டுகள் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்லும் வேலையில் இருந்து, சென்ற ஆண்டுதான் ஓய்வு பெற்றேன். ஒயினைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் நாக்கையும் மூக்கையும் நம்பிப் பிழைத்தவன் என்பதால், புதிதாக ஒன்றைச் சுவைத்துவிட்டால் அது எப்படி அந்தச் சுவைக்கு வந்தது என்று அறிந்துகொள்ளும்வரை மனம் அமைதி கொள்வதில்லை.

சென்ற மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த என் மருமகன், அடிலெய்டு நகருக்குக் கிழக்கே உள்ள மலைப்பகுதியில் ஒரு குடும்பம் நடத்திவரும் சிறிய ஆலையின் வெள்ளை ஒயின் இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்தார். ஷார்டனே என்ற திராட்சையில் செய்தது என்றும், ஓக் பீப்பாயிலேயே நொதிக்கவிட்டு அடியில் படிந்த மண்டியோடு 10 மாதங்கள் வைத்திருந்தது என்றும் பாட்டிலின் பின்புறம் அச்சிட்டிருந்தார்கள். ஒன்றைத் திறந்தோம். முதல் மூச்சில் வெண்ணெய் உருகும் வாசனை வந்தது, அடுத்து கொப்பரை, அதற்கும் அடியில் கிராம்பும், புதிய மரப்பெட்டியைத் திறந்தாற்போன்ற ஒரு வாடையும் இருந்தன. வாயில் வைத்தபோது பேரிக்காயும் எலுமிச்சைத் தோலும் தெரிந்தன; விழுங்கிய பின் நாக்கின் ஓரங்களில் மெல்லிய துவர்ப்பு நின்றது.

எங்கள் தொழிலில் மரவாசனை என்பது குறை. தேயிலை பலகைப் பெட்டிகளில் கப்பலேறிய காலத்தில், மரத்தின் வாடை தூளில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே பெட்டிக்குள் உலோகத் தாள் விரித்தார்கள். சரியாகக் காயாத பலகையில் செய்த பெட்டி ஒன்று இடையில் வந்துவிட்டாலும் கோப்பையில் அது காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சரக்கை ஓரமாக வைக்கச் சொல்லித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்படியிருக்க, அதே வாடையை வேண்டுமென்றே ஏற்றி, அதற்கு அதிக விலையும் வாங்குகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. இவ்வளவு வாசனைகளும் எசன்ஸ் எதுவும் சேர்க்காமல் வந்தவைதானா? நம் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரமும் இந்தப் பீப்பாய் மரமும் ஒன்றா? இப்படியொரு திராட்சை நம் மலையில் வளருமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓரசோலை

ஐயா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரி. அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பைப் படித்துவிட்டு, நீங்கள் குறிப்பிடும் அதே மலைப்பகுதியில் ஒரு சிறிய ஆலையில் 6 அறுவடைகள் வேலை செய்திருக்கிறேன். இப்போது விடுமுறையில் ஊரில் இருப்பதால் நிதானமாக எழுத முடிகிறது. உங்கள் மூக்கு சொல்வது சரியே. ஒரு வெள்ளை ஒயினில் முதலில் வந்து நிற்பது பலகை வாசனை என்றால், அது சரியாக அமையாத ஒயின் என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் சொன்னார்கள். பீப்பாய் என்பது முதலில் ஒரு பாத்திரம். மூச்சு விடும் பாத்திரம். வாசனை அதன் இரண்டாவது வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதலில் சில்வர் ஓக். பெயரில் மட்டும்தான் அது ஓக். கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நம் தோட்டங்களுக்கு வந்த அந்த மரம் மக்கடாமியா கொட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலையும் மரத்தூளும் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கூட உண்டாக்கும். ஆகவே அதன் துண்டை எந்தப் பானத்திலும் யாரும் போட்டுவிட வேண்டாம். உண்மையான ஓக் மரங்கள் இமயமலையில் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இயற்கையாக வளர்பவை எவையும் இல்லை. ஒயின் பீப்பாய்க்குப் பெரும்பாலும் ஐரோப்பிய இனங்கள் இரண்டும் வட அமெரிக்க வெள்ளை ஓக்கும் பயன்படுகின்றன. பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள திரோன்சே காடு, 14ஆம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் கடற்படைக் கப்பல்களுக்காக 17ஆம் நூற்றாண்டில் பேணி வளர்க்கச் செய்தது. இன்று அதன் மரங்கள் பீப்பாய்களுக்குப் பேர்பெற்றவை.

150 ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த ஒரு மரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு பீப்பாய்களுக்கான பலகைதான் தேறும். ஐரோப்பிய ஓக்கை வாளால் குறுக்கே அறுத்தால் ஒயின் கசியும் என்பதால், நார் போகும் திசையிலேயே பிளப்பார்கள். அமெரிக்க ஓக்கின் நுண்குழாய்கள் இயல்பாகவே அடைபட்டிருப்பதால் அதை அறுக்க முடிகிறது. பிளந்த பலகைகளை வெட்டவெளியில் அடுக்கி, 2 முதல் 3 ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் விட்டுவிடுவார்கள். மரத்தின் கடுந்துவர்ப்பில் பெரும்பகுதி இந்தக் காலத்தில் கழுவிப் போய்விடுகிறது. நீங்கள் ஓரமாக வைத்த தேயிலைப் பெட்டிக்கும் இந்தப் பீப்பாய்க்கும் உள்ள முதல் வேறுபாடு இதுதான். பிறகு பலகைகளை வளையத்துக்குள் நிறுத்தி, நெருப்பின் மேல் நீர் தெளித்து வளைத்து, உட்புறத்தை வாட்டுவார்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் என்பதைப் பொறுத்து வாசனை மாறும். நீங்கள் கண்ட கொப்பரை வாசனை ஓக் மரத்திலேயே இருக்கும் லாக்டோன் என்ற பொருளால் வருவது. அமெரிக்க ஓக்கில் அது கூடுதல். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் சூட்டில் உடையும்போது வெனிலின் பிறக்கிறது. கிராம்பு வாசனைக்குக் காரணமான யூஜினால், கிராம்பு எண்ணெயில் இருக்கும் அதே யூஜினால்தான். எசன்ஸ் எதுவும் தேவைப்படுவதில்லை. ஓக் சில்லுகளைத் தொட்டியில் ஊறவைப்பதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் அதற்கு அனுமதி தந்தது. வாசனை மட்டும் வேண்டுமென்றால் சில்லே போதும். அப்படியிருந்தும் சிறிய ஆலைகள் ஏன் பீப்பாய்க்குச் செலவழிக்கின்றன என்பதைத் தோட்டத்திலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

அடிலெய்டு மலைகளின் உச்சியான மவுண்ட் லாஃப்டி 700 மீட்டருக்குச் சற்று மேல். குன்னூரின் உயரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அது நிலநடுக்கோட்டிலிருந்து 35 பாகை தெற்கே இருப்பதால் குளிர்காலம் உண்மையான குளிர்காலமாக இருக்கும். மழை பெரும்பாலும் அந்தக் குளிர்காலத்தில் பெய்துவிடும், பழம் முதிரும் கோடை வறண்டிருக்கும், இரவுகள் குளிர்ந்திருக்கும். பகலில் சர்க்கரை ஏறுகிறது, இரவுக் குளிரில் புளிப்பு தங்குகிறது. பிரையன் குரோசர் என்ற ஒயின் தயாரிப்பாளர் 1979இல் அங்குள்ள பிக்காடில்லி பள்ளத்தாக்கில் கொடிகளை நட்டதும் இந்தக் குளிர்ச்சியை நம்பித்தான்.

மார்ச் மாதத்தில் விடியற்காலையில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு குலைகளைக் கையால் வெட்டுவோம். சாற்றின் சர்க்கரையைக் கருவியில் அளந்து 12 அல்லது 12.5 போமே வந்ததும் வெட்டத் தொடங்குவது எங்கள் வழக்கம்; அந்த எண் ஏறத்தாழ ஒயினில் வரப்போகும் ஆல்கஹால் விழுக்காட்டையே காட்டும். ஆனால் எண்ணை மட்டும் நம்புவதில்லை. பழத்தை மென்று, விதையைக் கடித்துப் பார்ப்போம். விதை பச்சையாக இல்லாமல் பழுப்பாகி, முறுக்கென்று உடைந்தால் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். குலைகளைக் காம்போடு அப்படியே அழுத்துகருவியில் கொட்டுவோம். காம்புகளின் இடுக்கு வழியாகச் சாறு எளிதில் வடிவதால் தோலை நசுக்க வேண்டியிருப்பதில்லை. தோலின் கசப்பும் இறங்குவதில்லை. கொழுந்தைக் கூடையில் அமுக்கி நிரப்பினால் ஓரம் சிவந்துவிடும் என்று பறிக்கும் பெண்களிடம் சொல்லியிருப்பீர்களே, அதே கவனம்தான் இங்கும்.

சாற்றை ஓரிரவு குளிரில் வைத்து, அடர்ந்த கசடு அடியில் படிந்ததும், சற்றே கலங்கலான மேற்சாற்றைப் பீப்பாயில் ஊற்றுவோம். 225 லிட்டர் பீப்பாயை முழுவதும் நிரப்புவதில்லை, ஏனென்றால் நுரை பொங்கும். மூன்றாம் நாள் அடைப்பானின் துளையருகே காதை வைத்தால், பலகைக்குள் மெல்லிய தூறல் விழுவதைப் போன்ற ஓசை கேட்கும். ஒவ்வொரு பீப்பாயும் ஒவ்வொரு வேகத்தில் பேசும். அடங்கிவிட்ட ஒன்றைக் கையால் தொட்டால் பக்கத்துப் பீப்பாயைவிடக் குளிர்ந்திருக்கும். ஈஸ்ட் சோர்ந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிடும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். எஃகுத் தொட்டியில் நொதித்து முடிந்த ஒயினைப் பிறகு பீப்பாயில் ஊற்றினால், நீங்கள் அஞ்சும் மரவாசனை தூக்கலாக வரும். சாறாக இருக்கும்போதே பீப்பாய்க்குள் சென்று அங்கேயே நொதித்தால் மரம் அடங்கிவிடும். இது கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். காரணம் ஈஸ்ட். உயிரோடிருக்கும் ஈஸ்ட் வெனிலினை வாசனை குறைந்த வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. வேலை முடிந்து மடிந்த ஈஸ்ட் மண்டியாகப் படியும்போது அதன் செல்சுவர் மரத்தின் துவர்ப்பைத் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. பால் ஊற்றியதும் பாலிலுள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதை நீங்கள் அறிவீர்கள். மண்டி செய்வதும் அதற்கு மிக நெருங்கிய வேலைதான். வாரம் ஒருமுறை நீண்ட கோலை விட்டு மண்டியைக் கிளறுவோம். மாதங்கள் செல்லச் செல்ல மண்டி கரைந்து ஒயினுக்கு ஒரு கொழுமையைத் தரும். உங்கள் மொழியில் சொன்னால் லிக்கருக்கு, அதாவது வடித்த தேநீருக்கு, கனம் கூடுவதைப் போல.

பலகையின் வழியாகவும் இடுக்குகளின் வழியாகவும் மிகச் சிறிய அளவில் காற்று உள்ளே செல்லும். நீரும் ஆல்கஹாலும் வெளியே ஆவியாகும். அந்த மெல்லிய காற்று ஒயினை நிதானப்படுத்துகிறது, ஆனால் அளவு மீறினால் கெடுத்துவிடும். எனவே குறைந்த அளவை அதே ஒயினால் அவ்வப்போது நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். என் இரண்டாம் ஆண்டில், மேலடுக்கின் மூலையில் இருந்த ஒரு பீப்பாயை நான் ஆறு வாரங்கள் நிரப்பாமல் விட்டுவிட்டேன். அடைப்பானை எடுத்தபோது இரண்டு விரல் அளவுக்குத்தான் வெற்றிடம் இருந்தது. ஆனால் வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பேறியதைப் போன்ற வாசனை மூக்கில் அடித்தது. நிறமும் ஒருபடி அடர்ந்திருந்தது. 300 பாட்டில்களுக்கான ஒயினைக் காய்ச்சி வடிக்கக் கொடுக்க நேர்ந்தது. அதன் பிறகு நிரப்பும் நாளைச் சுண்ணக்கட்டியால் பீப்பாயின் முகத்திலேயே எழுதும் பழக்கம் எனக்கு வந்தது.

புதிய பிரெஞ்சுப் பீப்பாய் ஒன்றின் விலை 1,500 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டும். நாலாவது முறை நிரப்பும்போது அதில் தருவதற்கு வாசனை ஏறக்குறைய எதுவும் மிஞ்சியிருக்காது. ஆயினும் நாங்கள் அதை எறிவதில்லை. எங்கள் ஆலையில் ஐந்தில் ஒரு பங்குதான் புதிய பீப்பாய், மற்றவை பழையவை. வாசனை தீர்ந்த பாத்திரத்தையும் விரும்பி வைத்திருப்பதற்குக் காரணம், அது மூச்சு விடுவதும் மண்டியை அருகில் வைத்திருப்பதும் தீர்வதில்லை என்பதே. உங்கள் பாட்டிலில் கொப்பரையும் பெட்டி வாடையும் முன்னால் நின்றன என்றால், அவர்கள் அந்த ஆண்டு புதிய பீப்பாயைச் சற்று அதிகமாகச் சேர்த்திருக்கலாம், அல்லது ஒயின் இன்னும் இளையதாக இருக்கலாம்.

குன்னூர் கொழுந்து

அம்மா, மிக்க நன்றி. பாலையும் மண்டியையும் ஒப்பிட்டது எனக்கு உடனே பிடிபட்டது. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. வெண்ணெய் வாசனை மரத்திலிருந்து வருவதாக நீங்கள் எங்கும் சொல்லவில்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? அடுத்தது புகை. எங்கள் ஆலைகளில் விறகடுப்பின் சூட்டுக்குழாயில் சிறு ஓட்டை விழுந்தாலும் உலரும் தேயிலையில் புகைவாடை ஏறி, அன்றைய சரக்கு முழுவதும் குறைபட்டுவிடும். நெருப்பில் வாட்டிய பீப்பாயில் அந்தக் குறை வராதா? கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) சூழ்ந்த ஊர் அது என்று மருமகன் சொன்னார். தைல வாடையும் ஏறாதா?

ஓரசோலை

ஐயா, வெண்ணெய் வாசனைக்கும் மரத்துக்கும் தொடர்பில்லை. ஈஸ்ட் தன் வேலையை முடித்த பிறகு, ஈனோகாக்கஸ் என்ற பாக்டீரியா ஒயினில் இரண்டாம் மாற்றத்தைத் தொடங்குகிறது. பச்சை ஆப்பிளின் கூர்மையான மாலிக் அமிலத்தைத் தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக மாற்றுவதால் புளிப்பு மட்டுப்படும். அதே பாக்டீரியா சாற்றிலுள்ள சிறிதளவு சிட்ரிக் அமிலத்தை உண்ணும்போது டைஅசெட்டைல் உருவாகிறது; வெண்ணெய்க்கு அதன் மணத்தைத் தருவதும் அதுவே. மண்டியோடு அமைதியாக விட்டுவிட்டால் அந்த டைஅசெட்டைலையும் ஈஸ்ட் மெல்லக் குறைத்துவிடும். அதனால்தான் இரண்டாம் மாற்றம் முடிந்ததும் கந்தக டைஆக்சைடைச் சேர்க்க நாங்கள் அவசரப்படுவதில்லை. வெண்ணெய் மிகுந்த ஷார்டனே ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவில் பெரிதும் விரும்பப்பட்டது. இப்போது பலரும் அதைக் குறைத்து, புளிப்பைக் கூர்மையாக விடுகிறார்கள். என் விருப்பமும் அந்தப் பக்கம்தான். மண்டியின் கந்தகச் சேர்மங்களால் சில ஒயின்களில் தீக்குச்சி உரசிய வாசனையும் வரும். சிறிதளவு இருந்தால் அது அழகு, சற்று மிஞ்சினால் எல்லாவற்றையும் மூடிவிடும்.

புகையைப் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரியான இடம். வாட்டிய ஓக்கில் புகைமணம் தரும் குவையகால் என்ற பொருளே, காட்டுத்தீயின் புகையில் மாட்டிய திராட்சையிலும் இருக்கிறது. பீப்பாயில் அதன் அளவை வாட்டுபவர் கட்டுப்படுத்துகிறார். காட்டுத்தீயை யாரும் கட்டுப்படுத்த முடியாது. 2019 டிசம்பர் 20 அன்று கட்லீ கிரீக் பகுதியில் பற்றிய தீ அடிலெய்டு மலைகளின் பல தோட்டங்களை எரித்தது; எரியாமல் தப்பிய தோட்டங்களுக்கும் புகை அச்சம் இருந்தது. புகைப்பொருள் பழத்திலுள்ள சர்க்கரையோடு பிணைந்து மறைந்துகொள்வதால் பழத்தைத் தின்றால் ஒன்றும் தெரியாது. நொதிக்கும்போது சிறிது அவிழும்; ஒயினை வாயில் வைத்த பிறகு உமிழ்நீரால் மேலும் அவிழ்ந்து, விழுங்கியபின் சாம்பல் சுவையாகத் தங்கும். சூட்டுக்குழாய் ஓட்டையை உங்கள் கோப்பை அன்றைக்கே சொல்லிவிடும். இங்கே சிறிதளவு சாற்றைத் தனியாக நொதிக்கவைத்துப் பார்த்த பிறகுதான் அறுவடை செய்யலாமா என்று முடிவெடுக்க முடியும்.

கற்பூர மரத்தின் வாடை ஒயினில் ஏறுவது உண்மை. மரங்களுக்கு அருகில் உள்ள வரிசைகளில் அது அதிகம். குலையோடு கூடையில் விழும் கற்பூர இலைகள் அதைவிட மோசம். ஆனால் அந்தத் தைலம் தோலில் படிவதால், தோலோடு நொதிக்கும் சிவப்பு ஒயின்தான் பெரிதும் பாதிக்கப்படும். தோலை உடனே பிரித்துவிடும் வெள்ளை ஒயினில் அது அரிதாகவே தெரியும்.

பதில்: பண்ணைக்காடு

நம் மலையில் வளருமா என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். பழனி மலையில் பண்ணைக்காட்டில் எனக்குக் காப்பித் தோட்டம் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டியில், தாய்மாமன் வீட்டார் மூன்று தலைமுறையாகத் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறார்கள். ஷார்டனேயை நட்டால் கொடி வரும், அதில் ஐயமில்லை. பழம் ஒழுங்காக வருமா என்பதுதான் கேள்வி.

குளிர்நாடுகளில் கொடி இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் ஒரே சமயத்தில் கண் திறக்கும். நம் பகுதியில் அந்த உறக்கம் இல்லை. கவாத்து வெட்டித்தான் கொடியை எழுப்ப வேண்டும். கம்பத்தில் பன்னீர் திராட்சையைக் கவாத்தால் எழுப்பி, 2 ஆண்டுகளில் 5 அறுவடைகூட எடுக்கிறார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த இரகம் எங்கள் வெயிலுக்கும் பந்தலுக்கும் பழகியது. ஷார்டனே நெருக்கமான குலையும் மெல்லிய தோலும் உடையது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிற மலையில், மதியம் இறங்கும் மூடுபனி குலைக்குள் புகுந்து காயாமல் நின்றால் உள்ளிருந்தே அழுகும். அடிச்சாம்பல் நோய்க்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. எங்கள் காப்பிக்கு நாங்கள் அடிக்கும் போர்டோ கலவை, 1880களில் பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் இதே நோய்க்காகக் கண்டறியப்பட்டதுதான். மழை நிற்காத இடத்தில் எத்தனை முறை மருந்தடிப்பது? உதகைப் பக்கம் போனால் டிசம்பர், ஜனவரியில் உறைபனி இளந்துளிரைக் கருக்கிவிடும்.

தென்னிந்தியாவில் இதற்கு முன்னுதாரணம் தேடினால் நந்தி மலை அடிவாரத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே ஒயின் ஆலை நிறுவிய கன்வல் குரோவர் 1980களில் ஐரோப்பிய இரகங்களைச் சோதித்துப் பார்த்து அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். அது உயரமும் வறட்சியும் ஒருங்கே அமைந்த மேட்டுநிலம். நம் உச்சிமலையில் உயரம் இருக்கிறது, வறட்சி இல்லை. கம்பத்தில் வறட்சி இருக்கிறது, உயரம் இல்லை. பன்னீர் திராட்சையை ஓக்கில் வைத்தால் என்ன என்று என் மைத்துனர் கேட்பதுண்டு. அதன் அழகே அதன் சொந்த மணம். அதைப் பலகையால் மூடுவது எனக்குச் சம்மதமில்லை. ஷார்டனேவுக்குத் தனக்கென்று உரத்த மணம் கிடையாது என்பதால்தான் அது பீப்பாயோடு இணங்கிப் போகிறது என்று ஓரசோலை சகோதரி ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

பதில்: உதகை உணவு மேசை

குன்னூர் ஐயா, உங்களிடம் இன்னும் ஒரு பாட்டில் இருப்பதால் இதை எழுதுகிறேன். உதகை விடுதிகளில் 22 ஆண்டுகள் பரிமாறியவன் என்ற முறையில், பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான்: வெள்ளை ஒயின் என்றதும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேராக ஊற்றிவிடுகிறார்கள். 4 அல்லது 5 பாகையில் பழத்தின் மணம் அடங்கிவிடும். ஓக்கின் துவர்ப்பும் கசப்பும் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். ஓக்கில் முதிர்ந்ததை 12 பாகை அளவில் அருந்த வேண்டும். இந்த மாதம் குன்னூரில் இரவு முழுவதும் அடுக்களை ஜன்னலோரம் வைத்திருந்தாலே ஏறத்தாழ அந்தக் குளிர் வந்துவிடும். குறுகிய கோப்பையைத் தவிர்த்து, வயிறு அகன்றதில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். உடன் உண்பதற்கு மிளகாய்க் காரம் வேண்டாம், ஆல்கஹால் அந்த எரிச்சலைக் கூட்டும். தேங்காய்ப்பால் ஊற்றிய ஸ்டூவும் ஆப்பமும் இதற்கு மிக நன்றாகப் பொருந்தும். வெண்ணெயில் வதக்கிய காளானும் அப்படியே.

குன்னூர் கொழுந்து

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இரண்டாவது பாட்டிலைத் திறந்தேன். ஜன்னலோரத்தில் வைத்திருந்து, வெப்பமானியில் பார்த்தபோது 13 பாகை இருந்தது. வீட்டில் அகன்ற கண்ணாடிக் கோப்பை இல்லாததால், பழைய சுவைப்புக் கோப்பைகள் மூன்றில் ஊற்றி, ஒன்றை உடனேயும் மற்றொன்றை அரைமணி நேரம் கழித்தும், மூன்றாவதை மூடி வைத்து இன்று காலையிலும் சுவைத்தேன்.

முதல் கோப்பையில் தீக்குச்சி வாசனை இலேசாக இருந்தது. ஓரசோலை அம்மா சொல்லியிராவிட்டால் அதைக் குறை என்று எழுதியிருப்பேன். சிறிது நேரத்தில் அது போய்விட்டது. இரண்டாவதில் பேரிக்காய் முதலில் வந்தது, வெண்ணெய் அதற்குப் பின்னால் நின்றது. கொப்பரையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்று காலைக் கோப்பையில் கிராம்பு மட்டும் தெளிவாக இருந்தது. அறுத்த ஆப்பிளின் பழுப்பு வாடை தொடங்கியிருந்தது. முதல் பாட்டிலை நான் மிகக் குளிராகத் திறந்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. பெட்டி வாடை என்று நான் குறித்ததில் பாதியாவது என் தவறு.

அம்மா, ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, வாட்டாத ஓக் துண்டு ஒன்றும் வாட்டிய துண்டு ஒன்றும் கொண்டுவர முடியுமா? இரண்டையும் சம எடையில் சீவி, எங்கள் வழக்கப்படி கொதிநீர் ஊற்றி 6 நிமிடம் மூடி வைத்து, பக்கத்துப் பக்கத்தில் சுவைத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

ஓரசோலை

நிச்சயமாக, ஐயா. கழற்றிய பழைய பீப்பாயின் பலகை ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவருகிறேன். நாலு முறை நிரப்பியது. மூன்று கோப்பைகளில் அதை மூன்றாவதாக வையுங்கள். அமெரிக்க ஓக் துண்டு கிடைத்தால் நாலாவது கோப்பையும் தேவைப்படும். சுவைக்கும் நாளில் நானும் குன்னூர் வந்துவிடுகிறேன்.